சரசு இருக்கிற பெட்டி

நாங்கள் வீடு மாறிய அன்று சாமான் வேன் முன்னாலேயே போய்விட்டது. கட்டில், பீரோ, கிரைண்டர், துணி மூட்டைகள் எல்லாம் அதில். எங்கள் பழைய காரில் நாலு பேரும் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. என் கணவர் செல்வராஜ் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு, "அப்பா, முன்னால ஏறுங்க" என்றார்.

மாமனார் ஏறவில்லை. முன் கதவைத் திறந்து, கையில் வைத்திருந்த பச்சைத் தகரப்பெட்டியை சீட்டில் வைத்தார். ஆடாமல் இருக்கிறதா என்று தட்டிப் பார்த்தார். பிறகு சீட் பெல்ட்டை இழுத்து அதன் குறுக்கே மாட்டினார். மாட்டிவிட்டு, பின்னால் வந்து எனக்கும் என் மகள் தாரணிக்கும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்துகொண்டார்.

பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து துடியலூர் அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் எட்டிப் பெட்டியைப் பார்த்தார். "மெதுவாப் போ சாமி" என்று மகனிடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

தாரணி என் பக்கம் எட்டிச் சாய்ந்து, "அத்தைக்கு முன் சீட்டாம்மா?" என்று கேட்டாள். நான் அவள் தொடையில் தட்டி அடக்கினேன்.

அந்தப் பெட்டிக்குள் இருப்பது என் கணவரின் அக்கா.

நங்கைக்கு ஒரு கும்பிடு

பள்ளிக்கூடத்தைப் பற்றியே இந்தப் பத்தியில் வாராவாரம் எழுதிக்கொண்டிருந்த நான் இந்த வாரம் வீட்டுக்குள் வருகிறேன். வந்தால் இந்தப் பெட்டியைத் தாண்டி நடக்க முடியாது.

கல்யாணமாகி வந்த அன்று, வாசலில் ஆரத்தி முடிந்ததும் என்னை நேராக ஓர் அறைக்குக் கூட்டிப் போனார்கள். மர ஸ்டூல் மேல் இந்தப் பெட்டி. மூடியில் மஞ்சள் தடவி மூன்று குங்குமப் பொட்டு. பக்கத்தில் ஓர் அகல் விளக்கு. "உன்ற நங்கை. கும்பிட்டுக்கோ அம்மணி" என்றார் மாமனார். எங்கள் பக்கம் நாத்தனாரை நங்கை என்போம்.

பெயர் சரஸ்வதி. வீட்டில் சரசு. பதினோரு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அப்போது என் கணவருக்கு ஏழு வயது. கல்யாணமாகாமல் போன பெண் வீட்டுக்குத் தெய்வமாகித் துணை இருப்பாள் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஒவ்வொரு ஆடிப் பதினெட்டுக்கும் புதுப் பாவாடை சட்டை, கண்ணாடி வளையல், ரிப்பன் வாங்கிப் பெட்டியில் வைத்துக் கும்பிடுவார்கள். போன வருடத்துத் துணியை எடுத்து வீட்டிலிருக்கும் பெண் பிள்ளைக்குப் போடுவார்கள். அப்படிப் பிள்ளை இல்லாவிட்டால் உறவில் ஒரு பிள்ளைக்கு.

மாமியார் நான் வருவதற்கு முன்பே இறந்துவிட்டார். அதனால் பெட்டியின் பொறுப்பு முழுக்க மாமனாருடையது. மில்லில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர். அதிகம் பேசமாட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் குளித்து, வேட்டி மாற்றி, பெட்டியைத் துடைத்துப் பொட்டு வைப்பார். கடைக்குப் போனாலும் அதன் முன் ஒரு நிமிடம் நின்றுவிட்டுத்தான் செருப்பைப் போடுவார். சரசுவின் போட்டோ எதுவும் வீட்டில் இல்லை. எடுக்கவே இல்லையாம். இருந்ததெல்லாம் அந்தப் பெட்டிதான்.

சுவரில் ஒரு சூலம்

இதெல்லாம் எனக்குப் புதிது என்று சொல்ல முடியாது. நான் பிறந்தது உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில். அப்பா தேங்காய் வியாபாரி. தேங்காய் போட்டு வைக்கும் அறையில், உள் சுவரில் ஒரு சூலம் வரைந்திருக்கும். யார் வரைந்தது என்று அப்பாவுக்கே தெரியாது. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிக்க வருகிறவர்கள் அந்தச் சூலத்தை விட்டுவிட்டுச் சுற்றி மட்டும் அடிப்பார்கள். வருடா வருடம் சுண்ணாம்பு ஏறி ஏறிச் சுவர் தடித்து, சூலம் இருந்த இடம் மட்டும் பள்ளமாகி, ஒரு சின்ன மாடம் போல ஆகிவிட்டது. அம்மா அதில் விளக்கு வைப்பாள். அந்த அறைக்குள் போனால் கொப்பரையும் எண்ணெய்த் திரியும் கலந்த வாசம் வரும். எங்கள் வீட்டில் சாமி அறை என்று தனியாக எதுவும் இருந்ததில்லை. அதுதான்.

படித்தேன், அறிவியல் ஆசிரியையானேன். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது ஒன்று, வீட்டில் விளக்கு வைப்பது இன்னொன்று. இரண்டுக்கும் சண்டை வராமல்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, என்னை அந்த வீட்டுக்கு மருமகளாக எடுத்ததே சரசுதான் என்று. எங்கள் ஊர்களில் பூக் கேட்பது என்று ஒரு வழக்கம் உண்டு. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனி இலையில் பொட்டலமாக மடித்துச் சாமி முன் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சம்மதம். என் ஜாதகத்தைப் பெட்டிமேல் வைத்துக் கேட்டபோது வெள்ளை வந்ததாம்.

"செவப்பு வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க மாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "மறுக்காக் கேட்டிருப்பேன் அம்மணி" என்றார்.

அந்த ஒரு பதிலுக்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

கொடுத்தவள்

எங்களுக்குப் பல வருடம் குழந்தை இல்லை. கோவை ஆஸ்பத்திரிகளில் நான் ஏறி இறங்காத படி இல்லை. அந்தக் காலத்தில் மாமனார் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. வெள்ளிக்கிழமைகளில் பெட்டி முன்னால் நிற்கும் நேரம் மட்டும் கூடியது. கடைசியில் தாரணி பிறந்தாள். தொட்டிலைப் பார்த்து அவர் சொன்ன முதல் வார்த்தை, "சரசு குடுத்துட்டா."

அப்போது அது எனக்கு இனித்தது. பிறகு மெல்ல மெல்ல உறுத்த ஆரம்பித்தது. தாரணி சிரித்தால், "சரசு இப்பிடித்தான் சிரிப்பா" என்பார். சோற்றில் தயிர் வேண்டாம் என்றால், "அவளும் திங்கமாட்டா" என்பார். பிள்ளை வளர வளர, அவர் அவளைப் பார்க்கும்போது வேறு யாரையோ பார்க்கிறாரோ என்று எனக்குத் தோன்றும்.

போன வருடம் கோடையில் தாரணிக்கு டெங்கு வந்தது. ஆறு நாள் ஆஸ்பத்திரி. ரத்தத் தட்டுகள் இறங்கிக்கொண்டே போனதாக டாக்டர் சொன்ன சாயங்காலம், ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டு ஓர் எண்ணம் வந்தது. கொடுத்தவள் திருப்பிக் கேட்கிறாளோ? கொசுவின் வாழ்க்கைச் சுழற்சியைக் கரும்பலகையில் படம் வரைந்து நடத்துகிறவள் நான். அந்த எண்ணத்தை யாரிடமும் சொல்லவில்லை. பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தாள். எண்ணம் போகவில்லை.

அந்தக் கோடை முடியும்போதுதான், நாங்கள் குடியிருந்த வீட்டை இடித்துக் குடோன் கட்டப்போவதாக வீட்டுக்காரர் சொன்னார். துடியலூரில் ஓர் அடுக்குமாடியில் இரண்டு படுக்கையறை வீடு பார்த்தோம்.

பரண்

புது வீட்டில் பூஜைக்கென்று சமையலறை ஓரம் ஒரு கிரானைட் பலகை வைத்து, சின்ன மணி தொங்கும் கதவும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். நாலு சாமி படம் வைத்தால் நிறைந்துவிடும். பெட்டி நுழையாது. ஹாலில் டிவியும் என் புத்தக அலமாரியும். "இப்போதைக்கு மேல வைக்கட்டுங்களா மாமா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் சூட்கேஸ்களோடு பெட்டியையும் பரணில் ஏற்றிவிட்டேன். இடமில்லை என்பது பாதி உண்மை. அது என் மகள் கண்ணில் படாமல் இருந்தால் தேவலை என்பது மீதி.

மாமனார் வெள்ளிக்கிழமை பரணுக்குக் கீழே நின்று, அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார். நான் பார்க்காதது போல் பாத்திரம் கழுவினேன்.

ஆடி பிறந்தது. ஒருநாள் காலை தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார்: "அம்மணி, போன வருசத்துப் பாவாடை இந்தத் தடவை நம்ம தாரணிக்குச் சரியா இருக்குமுங். இத்தனை நாளும் பெருசா இருந்துது. அடுத்த வருசம் பத்தாது."

அவர் சந்தோஷமாகத்தான் சொன்னார். பல வருடமாகக் காத்திருந்த மாதிரி சொன்னார்.

"செத்த புள்ளை துணியை என் புள்ளைக்குப் போடமாட்டேனுங்க மாமா" என்றேன்.

அந்த வீட்டில் சரசுவைப் பற்றி அந்த வார்த்தையை யாரும் சொன்னதில்லை. 'போய்ட்டா' என்பார்கள், 'சாமியாய்ட்டா' என்பார்கள். என் கணவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். மாமனார் தட்டில் இருந்த மிச்சத் தோசையைச் சாப்பிட்டு முடித்தார். தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கூடுதுறை

இரண்டு நாள் கழித்து, சனிக்கிழமை. பள்ளி விடுமுறை. செல்வராஜ் தன் கம்பெனியின் மோட்டார் டெலிவரிக்காக ஓசூர் போயிருந்தார். தாரணியோடு காய் வாங்கப் போய்ப் பத்து மணிக்கு நான் திரும்பி வந்தால் மாமனார் இல்லை. பரணுக்குக் கீழே ஸ்டூல் கிடந்தது. பெட்டியும் இல்லை. போன் போட்டேன். அது அவர் கட்டில் மேல் அடித்தது.

கீழே வாட்ச்மேன், "பெரியவரு பெட்டியோட ஆட்டோல போனாருங்களே. சொந்தக்காரங்க ஊட்டுக்கு ஒறம்பரை போறாராட்டன்னு நெனச்சேன்" என்றார்.

கணவருக்குப் போன் செய்தேன். விவரம் கேட்டதும் சொன்னார்: "நேத்து என்கிட்ட, பவானிக்கு இப்ப பஸ் எங்க நிக்குதுன்னு கேட்டாருடா சுமதி. நான் சும்மா கேக்கறாருன்னு நெனச்சு காந்திபுரம்னு சொல்லிப்போட்டேன்."

பவானியில் காவிரியும் பவானியும் சேரும் கூடுதுறையில்தான் அஸ்தி கரைப்பார்கள் என்பது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். எழுபத்தெட்டு வயது மனிதர், படிக்கட்டு வழுக்கும், ஆற்றில் ஆடி மாதத்துத் தண்ணீர். தாரணியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு பஸ் ஏறினேன். அவிநாசி, பெருந்துறை, பவானி. ஜன்னல் சீட் கிடைத்தும் வெளியே ஒன்றையும் பார்க்கவில்லை. என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்று யோசித்துக்கொண்டே போனேன்.

படித்துறையில் அவரைத் தேட வேண்டியிருக்கவில்லை. தண்ணீருக்கு நாலு படி மேலே உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெட்டி. வெயில் படாமல் அதன் மேல் தன் துண்டைப் போட்டிருந்தார். அவர் தலையில் வெயில் நேராக விழுந்துகொண்டிருந்தது.

நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"சாப்புட்டியா அம்மணி?" என்றார்.

"நீங்க?"

"இல்லீங்."

சுற்றிலும் ஈர வேட்டியோடு ஆட்கள், எள்ளும் பிண்டமும் வைத்த இலைகள், ஒருவர் சத்தமாக மந்திரம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் மெதுவாக ஆரம்பித்தேன். "நான் அப்பிடிச் சொல்லியிருக்கக் கூடாதுங்க மாமா."

"சொன்னது நெசந்தானே கண்ணு" என்றார். "செத்துத்தான் போனா. இந்த நாப்பது வருசத்துல நம்ம ஊட்டுல ஒருத்தரு அதை வாயத் தொறந்து சொல்லி அன்னிக்குத்தான் கேட்டேன்."

பிறகு அவரே பேசினார். அவ்வளவு நீளமாக அவர் பேசி நான் அதற்கு முன் கேட்டதில்லை.

சரசு போனது பகலில். அவர் மில்லில் இருந்தார். பிள்ளைக்குக் காய்ச்சல் கூடிவிட்டது, உடனே வரச் சொன்னார்கள் என்று பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளில் வந்து சொல்லியிருக்கிறார். ஷிப்டு முடிய இன்னும் ரெண்டு மணி நேரம். "காச்சல்தானேன்னு நெனச்சுப்போட்டேன். முடிச்சுட்டு வாரேன்னு சொல்லுன்னு அனுப்பிச்சுட்டேன். அவ எங்கம்மாகிட்ட, அப்பா வந்துட்டாரா வந்துட்டாரான்னு கேட்டுட்டே இருந்தாளாமா." தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நான் போறதுக்குள்ள மூஞ்சியத் தொடச்சுப் படுக்க வெச்சிருந்தாங்க."

நான் அவர் கையைப் பிடித்தேன். மாமனார் கையை மருமகள் பிடிக்கும் வழக்கம் எங்களிடம் இல்லை. பிடித்தேன்.

"அவ சாமியாயிட்டான்னு எல்லாரும் சொன்னாங்க. சரின்னு கும்பிட்டேன். ஆனா சாமியாட்டம் எனக்கு ஒருநாளும் தோணலை. புள்ளையாட்டந்தான் இருக்கறா. உன்ற புள்ளைய நெனச்சு நீ பயப்படறது எனக்குத் தெரியுது கண்ணு. அதுதான் ஆத்துல விட்டரலாம்னு கொண்டாந்தேன். வந்ததுல இருந்து ஒக்காந்திருக்கறேன்." துண்டைச் சரிசெய்தார். "தண்ணி வேகமாப் போகுது. அவளுக்கு நீச்சத் தெரியாது."

என்னால் அதற்கு மேல் அழுகையை அடக்க முடியவில்லை. அங்கே அழுதால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அது அழுவதற்கென்றே இருக்கிற படித்துறை.

அழுது முடித்ததும், ஆஸ்பத்திரி வராந்தாவில் எனக்கு வந்த எண்ணத்தை அவரிடம் சொன்னேன். கொடுத்தவள் திருப்பிக் கேட்பாளோ என்று பயந்ததை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பதனோரு வயசுப் புள்ளைக்கு அதெல்லாம் எங்க கண்ணு தெரியும்" என்றார்.

"வாங்க மாமா, ஊட்டுக்குப் போலாம்" என்று பெட்டியை நான் எடுத்துக்கொண்டேன். அத்தனை வருடத்தில் நான் அதைத் தூக்கியது பரணில் ஏற்றிய அந்த ஒரு தடவைதான். அன்று அவசரத்தில் எடை தெரியவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் பின்னால் வைக்கச் சொன்னார். "இருக்கட்டுங்க" என்று மடியிலேயே வைத்துக்கொண்டேன். ஒரு பாவாடை, ஒரு சட்டை, கொஞ்சம் வளையல். எவ்வளவு லேசாக இருந்தது.

ஜாபர் பாய் எடுத்த அளவு

அடுத்த வாரமே கோட்டைமேட்டிலிருந்து ஜாபர் பாயை வரவழைத்தேன். பழைய வீட்டுக் கதவு ஜன்னலெல்லாம் அவர் கைவேலைதான். ஹாலில் கிழக்குச் சுவரைக் காட்டி, என் புத்தக அலமாரியை எடுத்துவிட்டு அங்கே ஒரு மாடம் செய்ய வேண்டும் என்றேன். டேப்பை விரித்துப் பெட்டியின் நீளம் அகலம் எடுத்தார்.

"பெட்டிக்குள்ள என்னங்கம்மா? கனத்துக்குத் தகுந்த மாதிரி பலகை போடோணும்."

"என்ற நங்கைங்க" என்றேன். விவரம் சொன்னேன்.

டேப்பைச் சுருட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தார். "எங்கூட்ல எனக்கு மேல ஒரு அக்கா இருந்துச்சுங்க. ஆறு வயசுல போயிருச்சு. எங்கம்மா ஒவ்வொரு நோம்புக்கும் அது பேரைச் சொல்லி துவா கேப்பாங்க" என்றார். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு போய்விட்டார்.

நாலாம் நாள் தேக்கில் ஒரு மாடத்தைக் கொண்டுவந்து பொருத்தினார். கதவு வேண்டுமென்று நான் சொல்லவில்லை, அவராகவே வைத்திருந்தார். அதில் பூ வடிவில் சின்னச் சின்ன ஓட்டைகள். "காத்துப் போகோணுமில்லீங்க" என்றார். மாமனார் அந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார்.

துணிக்கடை

தாரணியிடம் எல்லாவற்றையும் நானே சொன்னேன். அத்தை யார், அவள் அப்பாரு என்று கூப்பிடும் தாத்தா எதற்காக அந்தப் பெட்டியை வைத்திருக்கிறார், நான் எதற்குப் பயந்தேன், எல்லாம். பாவாடையைப் போடுவதும் போடாததும் உன் விருப்பம் என்றேன்.

அவள் ரொம்ப நேரம் யோசித்தாள். பிறகு நேராக மாமனாரிடம் போனாள்.

"அப்பாரு, எனக்குப் பாவாடையே புடிக்காது. அத்தைக்கு மட்டும் புடிக்குமா?"

அவர் முழித்தார். "அப்பெல்லாம் அதுதான் கண்ணு."

"நாப்பது வருசமா அதையேவா குடுக்கறீங்க? ஒரு சுடிதார் எடுக்கலாம் இந்தத் தடவை. பாக்கெட் வெச்சது."

நான் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தேன். மாமனாருக்குச் சிரிப்பு வர ஆரம்பித்து, சத்தமில்லாமல் தோள் குலுங்கியது. "எடுக்கலாம்" என்றார்.

ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் மூன்று பேரும் ஒப்பணக்காரத் தெருவில் ஒரு கடைக்குப் போனோம். கூட்டம். துணி எடுத்துக் காட்டிக்கொண்டிருந்த பெண் சுறுசுறுப்பாக, "பாப்பாவுக்குங்களா?" என்று தாரணியைப் பார்த்துக் கேட்டது.

"இல்லீங். இவளோட அத்தைக்கு" என்றார் மாமனார்.

"என்ன வயசுங்க ஐயா?"

இருந்திருந்தால் சரசுவுக்கு ஐம்பது தாண்டியிருக்கும். மாமனார் வலது கையை நீட்டி, தன் நெஞ்சுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினார். "இந்த உசரமுங்க."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் கேள்வி கேட்காமல் அளவைப் பார்த்துக்கொண்டு உள்ளே எடுக்கப் போனது. மாமனார் கையை இறக்கவில்லை. பக்கத்தில் தாரணி நின்றுகொண்டிருந்தாள். அந்தக் கை அவள் தோளுக்குத்தான் வந்தது. என் மகள் அதைத் தாண்டி ஒரு தலை உயரம் வளர்ந்திருந்தாள். டெங்குவுக்குப் பிறகு தினமும் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்த எனக்கு அது கண்ணில் படவே இல்லை.

துணி எடுக்கப் போன பெண் வர நேரமாயிற்று. அவர் கை லேசாக நடுங்க ஆரம்பித்தது.

"கை வலிக்கப் போகுது அப்பாரு. இறக்குங்க" என்றாள் தாரணி. தன் கையை நீட்டி, அதே உயரத்தில், அவர் உள்ளங்கைக்குப் பக்கத்தில் வைத்தாள். "நான் புடிச்சிருக்கறேன்."